எலியின் கண்ணும் உன் மாமாவின் கண்ணும்

கார்த்தி,

வெளிநாடு கிளம்புகிற நீ எங்களைப் பார்க்க வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் பஸ் ஏறுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கூரியர்காரரிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் வலியைத் தவிர நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று நான்கு நாள் முயன்று பார்த்தேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், பேச்சு வேறு எங்கோ போய்விடும். அது மட்டும் இல்லை. நான் அழ ஆரம்பித்ததும் நீ எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு நான் பாதியிலேயே தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். காகிதம் யாருக்கும் சமாதானம் சொல்லாது என்பதால் இப்படி எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பாண்டி மாமாவுக்கு இடது கண் போய்விட்டது. எதிரில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அந்தக் கண்ணுக்கு இப்போது தெரியும். ஐப்பசியில் போனது, இப்போது மாசி. வீடியோவில் வரச் சொல்லி நீ கூப்பிட்டபோதெல்லாம் திராட்சைத் தோட்டத்தில் சிக்னல் இல்லை என்று சொன்னானே, அது இதனால்தான். வலது கண்ணிலும் அதே நோய் இறங்கியிருக்கிறது. அதைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது என்று தேனி கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்கிறார். ஆனால் மாமா அதற்குப் போட வேண்டிய ஊசிக்கு வர மறுக்கிறான். ஏன் மறுக்கிறான் தெரியுமா? அவனுடைய மாப்பிள்ளை, அதாவது நீ, மருந்து கண்டுபிடித்துவிட்டதாகவும் அது வரும் வரை பொறுத்தால் போதும் என்றும் நம்பிக்கொண்டிருக்கிறான். அப்படி நம்ப வைத்தவள் நான்.

இது எப்படி நடந்தது என்று உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும். சின்னமனூர் மெடிக்கல் கடையில் நான் நிற்க ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. முதலாளி மருந்துப் படிப்பு படித்தவர். நான் பத்தாவது முடித்துவிட்டு அவருக்கு எடுத்துக் கொடுக்கப் போனவள். இருந்தாலும் மேகமலை எஸ்டேட்டில் இருந்து இறங்கி வருகிற ஆட்கள் அவரிடம் போக மாட்டார்கள், "யக்கா இருக்காகளா?" என்றுதான் கேட்பார்கள். டாக்டர் எழுதிய சீட்டை என்னிடம் நீட்டி, "இது சரியாத்தான் எழுதியிருக்காகளாக்கா?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். நானும் சீட்டை வாங்கி, நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டுவேன். இந்தத் தலையாட்டலில் ஒரு போதை இருக்கிறது, தம்பி. கோட்டு போடாமல், படிக்காமல், பாதி டாக்டர் ஆகிவிட்ட மாதிரி இருக்கும். நீ ஆராய்ச்சிக்குப் போன பிறகு மீதிப் பாதியும் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மாமாவின் சர்க்கரை வியாதிக்கு நான்தான் டாக்டர். எப்போதோ ஒரு தடவை தேனியில் காட்டி வாங்கிய சீட்டு. அதை வைத்து எட்டு வருடம் அதே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். டாக்டரிடம் போனால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும், அக்கா இருக்கும்போது எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி என்பான். கடையிலேயே விரலில் குத்திப் பார்த்து, "கூட இருக்குலே, சோத்தக் கொற" என்று திட்டிவிட்டு மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். திட்டியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். கண்ணைக் காட்டு, காலைக் காட்டு என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. பழைய சீட்டுக்கு மருந்து கொடுப்பது பாசம் என்று இந்த ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். கொடுக்காத கடைக்காரனைக் கல்நெஞ்சுக்காரன் என்போம்.

போன வருடம் தை மாதம் நானும் மாமாவும் உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தோமே, அந்த நாளை இப்போது தினமும் நினைக்கிறேன். எலிகள் இருக்கிற அறைக்குள் வெளியாட்கள் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாய். மாமாவுக்கு ஏமாற்றம். வாசல் வரை போய்க் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தான். அப்புறம் உன் கம்ப்யூட்டரில் எங்களுக்கு ஒரு படம் காட்டினாய். கறுப்புப் பின்னணியில் பச்சைப் பச்சையாகக் கோடுகள், அதன் மேல் அங்கங்கே சிவப்பு. பச்சை, கண்ணுக்குள் இருக்கிற மிகச் சின்ன இரத்தக் குழாய் என்றாய். சிவப்பு, அந்தக் குழாயை வெளியில் இருந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் செல் என்றாய். பேர்கூடச் சொன்னாய், பெரிசைட் என்று.

"சக்கரை ஏற ஏற இந்தச் செல்லு சாகும் மாமா. பிடி விட்டுருச்சுன்னா குழாய் புடைக்கும், கசியும்."

"நம்ம சொட்டுநீர் டியூப்பு வெயில்ல புடைச்சு ஒழுகுற மாதிரியா மாப்ள?"

"அதேதான் மாமா."

மாமாவின் முகத்தை நீ கவனித்தாயோ என்னவோ. வகுப்பில் சரியான பதில் சொன்ன பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தான். சிவப்பு நிறம் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி கேட்டான். எலியின் ஜீனில் நீங்கள் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள், அதனால் அந்தச் செல் மட்டும் சிவப்பாக ஒளிரும் என்றாய். இன்னொரு வகை எலி இருக்கிறது, அதில் நீங்கள் நினைக்கிற நாளில் மருந்து கொடுத்து அந்தச் செல்லை மட்டும் குறைக்கலாம், பிடி விட்டுப் போனால் கண்ணில் என்னென்ன நடக்கிறது என்று நாள் கணக்கில் பார்க்கலாம் என்றாய். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "இந்த எலி இப்ப எங்கன இருக்கு மாப்ள?" என்று கேட்டான். நீ கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை மூடினாய். அப்புறம், "கண்ண எடுத்துத்தான் பாக்க முடியும் மாமா" என்றாய். குடோனில் விஷக் கேக் வைத்து மாதம் தவறாமல் எலி கொல்கிற மனுஷன், கேன்டீனில் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தானே தவிர சாப்பிடவில்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் சொன்னான்: "நான் கொல்றது திருட்டு எலி அக்கா. அவன் கொல்றது அவனே உண்டாக்கி, தீனி போட்டு வளத்த எலி. அவனுக்குத்தான் கஷ்டம்."

அவனுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை. நீ ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருடம் ஒரு மத்தியானம் கூப்பிட்டு, என்ன குழம்பு என்று மூன்று தடவை கேட்டாயே, நினைவிருக்கிறதா? கிளறிக் கிளறிக் கேட்ட பிறகு, இன்றைக்கு முதல் தடவையாக என் கையாலேயே ஆறு எலிகளை முடித்தேன் என்றாய். நான் சிரித்தேன். "எலிதானடா, இதுக்குப் போயா" என்றேன். நீயும் சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எலிகளைப் பற்றி நீ என்னிடம் கஷ்டமாக எதுவுமே சொன்னதில்லை. நல்ல செய்தியை மட்டும் சொன்னாய். அந்தச் சிரிப்பால் நானே ஒரு கதவைச் சாத்திவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. உன் வேலையின் சந்தேகமும் தோல்வியும் எனக்கு வந்து சேராமல் போனதற்கு அதுதான் ஆரம்பம்.

அன்றைக்கு நீ மாமாவிடம், "கண்ணக் காட்டுனீகளா?" என்று கேட்டுக் கேட்டு நச்சரித்ததால் சித்திரையில் அவனைத் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் போட்டோ எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். உன் படத்தில் பச்சையாக இருந்த கோடுகள் இதில் சிவப்பாக இருந்தன, அங்கங்கே பொட்டுப் பொட்டாக ரத்தம். இரண்டு கண்ணுக்குள்ளும் கசிவு இருக்கிறது, இடது கண்ணில் அதிகம், மாதம் ஒரு ஊசியாகச் சில மாதம் போட வேண்டும், லேசரும் வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். உன்னிடம் நான் என்ன சொன்னேன்? "ஆரம்பந்தானாம், மாத்திரை போதுமாம்" என்றேன். நீ அப்போது தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தாய். உன் மனசைக் கலைக்க வேண்டாம் என்று மாமா சொன்னான், நானும் சரி என்றேன். முதல் பொய் அது. பாசத்தில் சொன்னது என்று அதற்கு நான் பூ வைக்க மாட்டேன்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். மாமா வெளிறிப் போயிருந்தான். தேள் கொட்டினால்கூடத் தட்டிவிட்டுத் திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டப் போகிறவன், சின்னப் பிள்ளை மாதிரி என் முந்தானையைப் பிடித்தான்.

"கண்ணுக்குள்ளயாக்கா ஊசி? முழிச்சுக்கிட்டு இருக்கும்போதேவா?"

"மரத்துப் போக மருந்து ஊத்துவாகடா."

"ஊசி வர்றது தெரியும்லக்கா."

அதற்கு முந்தின வாரம்தான் நீ போன் பண்ணியிருந்தாய். அப்படி ஒரு சந்தோஷத்தில் உன் குரலை நான் கேட்டதே இல்லை. "கசிவு நின்னுருச்சும்மா! நாங்க குடுத்த மருந்துல எலிக்குக் கசிவு நின்னுருச்சு!" என்று கத்தினாய். கடையில் ஆள் நிறைந்திருந்த நேரம். நான் முதலாளியிடம் சொன்னேன், மருந்து வாங்க வந்தவர்களிடம் சொன்னேன், எதிர்க் கடைக்குப் போயும் சொன்னேன். சொல்லச் சொல்ல உன் வாக்கியத்தில் இருந்து எலி எங்கோ ஓடிப்போய்விட்டது. கசிவு நின்றுவிட்டது என்பது மட்டும்தான் மிச்சம். அந்த மிச்சத்தைத்தான் வேப்ப மரத்தடியில் என் தம்பிக்குக் கொடுத்தேன். "பொறுடா. நம்ம கார்த்தி மருந்து கண்டுபிடிச்சுட்டான். வரட்டும். ஊசியெல்லாம் எதுக்கு?" என்றேன். அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். நான் சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு மனுஷனுக்கு உயிர் வந்தது. அந்தக் கணத்தில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது.

இதுவரை நடந்ததற்கு அறியாமை என்று பேர் வைக்கலாம். இனிமேல் வருவதற்கு அந்தப் பேர் கிடையாது.

ஆடி மாதம் நீ மறுபடி கூப்பிட்டாய். குரல் இறங்கியிருந்தது. "அது வேற மாதிரி போச்சும்மா" என்றாய். நான் கேட்கக் கேட்க விவரமாகச் சொன்னாய். எலியில் நீங்கள் மாற்றிய ஜீன், நினைத்த செல்லில் மட்டும் மாறாமல் பக்கத்தில் இருந்த வேறு செல்களிலும் மாறியிருந்தது. அதனால் கசிவு நின்றது மருந்தாலா, அந்த ஜீன் மாற்றத்தாலா என்று சொல்ல முடியவில்லை. இன்னும் சரியாகக் குறி பார்க்கிற வேறு வகை எலியை வைத்துத் திரும்பச் செய்தீர்கள், அதில் கசிவு நிற்கவே இல்லை. களைக்கு அடிக்கிற மருந்து காற்றில் பக்கத்து வெண்டைக்கும் போகிற கதை என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. அதோடு நீ இன்னொன்றும் சொன்னாய். "நின்னுருந்தாலும் அது எலி கண்ணும்மா. நேராப் பாக்குறதுக்குன்னு மனுசன் கண்ணுல நடுவுல ஒரு எடம் இருக்கு, எலிக்கு அது கெடையவே கெடையாது. எலிக்கு நாங்க ஒரு வாரத்துல உண்டாக்குறது, மாமா மாதிரி ஆளுக்கு வருசக்கணக்கா உள்ள நடக்குது. ரெண்டும் ஒன்னுல்ல." இதைச் சொல்லிவிட்டு, "மாமா கண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். நல்லா இருக்கு என்றேன்.

மறுநாளே மாமாவிடம் சொல்லிவிடுவது என்று ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். சத்தியமாகப் போனேன். பன்னீர்த் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தது. கேரளாவில் இருந்து வழக்கமாக வருகிற வியாபாரி பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பந்தலுக்குக் கீழே குனிந்து வந்த மாமா என்னைப் பார்த்ததும் கையில் கத்தரிக்கோலோடு நின்று, "சேட்டா, இதான் எங்க அக்கா. இது மகன்தான் கண்ணுக்கு மருந்து கண்டுபிடிச்ச மாப்ள" என்றான். வியாபாரி எழுந்து நின்று கும்பிட்டார். அப்படியா என்பதை மலையாளத்தில் "ஆணோ?" என்று கேட்டுவிட்டு, "நல்ல காரியம்" என்றார். அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரையாம், மருந்து எப்போது கடைக்கு வரும் என்று கேட்டார். குலை வெட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். "வரும், கொஞ்ச நாளாகும்" என்று சொல்லிவிட்டு, ஒரு பை திராட்சையை வாங்கிக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகும் நாள் இருந்தது, கார்த்தி. ஆவணி இருந்தது, புரட்டாசி இருந்தது. கடைக்கு மாத்திரை வாங்க அவன் வந்தபோதெல்லாம் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு வேண்டாம், வெட்டு முடியட்டும், கவாத்து முடியட்டும் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். ஊர் முழுக்கச் சொன்னதை எப்படித் திரும்ப அள்ளுவது என்ற வெட்கம் ஒரு பக்கம். நீ தோற்றுவிட்டாய் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். உன் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் பேரைத்தான் காப்பாற்றினேன். அந்த மூன்று மாதத்தில் அவன் ஊசி போட்டிருந்தால் கண் நின்றிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் பின்னால் கேட்டேன். "நின்னுருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு" என்றார். மென்மையாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம்.

ஐப்பசியில் ஒரு காலையில் பந்தல் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன், இடது கண்ணுக்குள் யாரோ மையைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். அத்தை என்னைக் கூப்பிட்டாள். உடனே கிளம்பலாம் என்றேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ரெண்டு நாள் பாப்போம்க்கா. மாப்ளட்ட மருந்து எந்த மட்டுல இருக்குன்னு கேளு." நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ரெண்டு நாள் பத்து நாள் ஆனது. கடைசியில் அவனைத் தேனிக்கு இழுத்துக்கொண்டு போனபோது, உள்ளே ரத்தம் கட்டி, விழித்திரையை இழுத்துவிட்டது என்றார்கள். மதுரைக்கு அனுப்பி ஆபரேஷனும் செய்து பார்த்தார்கள். திரும்ப வரவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். "வெளிநாடு போற பிள்ள. மருந்து வர்றதுக்குள்ள மாமன் கண்ணு போயிருச்சேன்னு மனசு ஒடஞ்சு போவான்" என்றான். உன்னைக் குறை சொல்லவே அவனுக்குத் தெரியவில்லை. உங்கப்பா போன பிறகு உன்னைக் காலேஜில் சேர்க்கச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனவன், அங்கே நீ எந்தப் பாடம் எடுக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "நீ எடுக்குறது நல்லதாத்தான் இருக்கும்" என்று சொன்னவன். இப்போது நீ வருகிறாய் என்று ஒத்திகை பார்க்கிறான். இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி நாற்காலியைப் போட்டுவிட்டான், நீ வலது பக்கமாகத்தான் வர வேண்டும் என்பதற்காக. ஒரு கண்ணால் தூரம் பிடிபடாமல் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிடுகிறான். அதனால் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றிப் பழகுகிறான். அத்தை அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

போன வாரம் அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆமாம், கடைசியில் சொன்னேன். வலது கண்ணில் எழுத்து வளைந்து தெரிகிறது என்று அவன் காலண்டரைப் பார்த்துச் சொன்னதும் அதற்கு மேல் என்னால் தவணை சொல்ல முடியவில்லை. "ஏலே பாண்டி, மருந்தெல்லாம் ஒன்னும் இல்லடா. அது எலியோட நின்னு போச்சு. வலது கண்ணுக்காச்சும் ஊசி போட்டுக்கடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவன் சிரித்தான். "ஊசிக்குக் கூட்டிட்டுப் போறதுக்காகப் பொய் சொல்றியாக்கா? டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாகளா?" என்று கேட்டான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "மாப்ள வரட்டும். அவன் வாயால சொல்லட்டும்" என்று முடித்துவிட்டான். என் பொய்யை ஒரு வார்த்தையில் நம்பினவன், என் உண்மையை நம்பவில்லை. இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்குக் கொடுக்க முடியாது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தாய் என்பதால் இரண்டு வார்த்தை. நீ யாரையும் ஏமாற்றவில்லை. உன்னுடைய எலிகளும் ஏமாற்றவில்லை, அவை தமக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. நடுவில் நின்று கேட்டவள்தான் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதனால் போகிற தேசத்தில் உன் வேலையை விட்டுவிடாதே, வெறுத்துவிடாதே. பிடி விட்டுப்போகிற அந்தச் செல்லைப் பற்றி இன்னும் தெரிந்துகொண்டால்தான் என்றைக்காவது யாருக்காவது ஊசியில்லாத வழி பிறக்கும், அது நம் மாமாவுக்கு இல்லை என்றாலும். ஆனால் வீட்டுக்கு நல்ல செய்தி சொல்லும்போது அதன் சந்தேகத்தையும் சேர்த்துச் சொல். கேட்கிறவள் முகம் சுளித்தாலும் சொல். எலிகளை முடிக்கிற நாளில் மனசு கனத்தால் என்னைக் கூப்பிடு. எலிதானே என்று இனிமேல் ஒருக்காலும் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை சின்னமனூரில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. நேராகத் தோட்டத்துக்குப் போ. மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை முதல் வரியில் இருந்து வாசித்துக் காட்டு. அவன் டீ ஊற்றுவதைப் பற்றி எழுதியதையும் விட்டுவிடாமல் வாசி. கோபப்பட்டால் படட்டும், இத்தனை மாதமாக அவனுக்கு வந்திருக்க வேண்டிய கோபம்தான் அது. ஆனால் அவன் கோபப்படுவதைவிட என்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பான். "அக்கா தெரியாமச் சொல்லிருச்சு மாப்ள, விடு" என்பான். அப்போது நீ விட்டுவிடக் கூடாது. திங்கட்கிழமை காலை டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊசி போடும்போது பக்கத்தில் நீ நின்றால் வருவான் என்று நினைக்கிறேன். நான் கூட வர மாட்டேன், அவனாகக் கூப்பிட்டால் தவிர.

இதற்குக் கீழே எழுதியிருப்பது உனக்கு இல்லை. அதையும் நீயே வாசி, என் குரலில் வாசி.

ஏலே பாண்டி, மாப்ள மருந்து வராதுடா. வராதுன்னு எனக்கு ஆடி மாசமே தெரியும். தெரிஞ்சுதான் ஒன்ட்ட சொல்லல.

அக்கா